நீரே என் வலி

1

அந்தக் காணொளியில் எழுந்து நின்று கத்துகிறவன் நான்தான்.

முதலில் கேட்டவன் பாளையங்கோட்டையில் இருக்கும் என் சித்தப்பா மகன். "அண்ணே, யாரை அடிக்கப் போனீங்க?" என்று செய்தி அனுப்பினான். அடுத்து தூத்துக்குடியிலிருந்து கேட்டார்கள். என் கல்லூரித் தோழர் ஒருவர் மனநல வைத்தியர் ஒருவரின் பெயரையே அனுப்பிவைத்தார். அமைதியாகப் பாடிக்கொண்டிருக்கும் ஒரு சபையின் நடுவே வெள்ளைச் சட்டைக் கிழவன் ஒருவன் எழுந்து, "நிறுத்து! கர்த்தரைப் போய் வலிங்கிறியே, அறிவிருக்கா உனக்கு?" என்று அலறினால், அவனுக்குப் பைத்தியமா பேயா என்று பார்த்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். இரண்டும் இல்லை. எழுத்துப் பிழை.

அவன் யாரைப் பார்த்துக் கத்தினான் என்பது காணொளியில் தெரியாது. திரைக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்து. ஊரில் உள்ளவர்களுக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

நான் பினாங்குக்கு மாப்பிள்ளையாக வந்தவன். என் மனைவி செலின் இங்கே பிறந்து வளர்ந்தவள். வரும்போது என் கையில் தமிழ் எம்.ஏ. சான்றிதழ் இருந்தது. வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அதை மரியாதையாகப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்றில் ஆங்கிலக் கடிதம் எழுதும் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அதைத்தான் எழுதினேன்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் ஏறி, திருநெல்வேலிக் கிறிஸ்தவன் எவனும் சொல்வதைப் போல, "கோவிலுக்குப் போகணும்" என்றேன். ஓட்டுநர் தமிழர். சிரித்த முகமாக என்னைத் தண்ணீர்மலை முருகன் கோவில் அடிவாரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். இங்கே நாம் போகும் இடத்துக்கு 'சர்ச்சு' என்றுதான் பெயர் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மாமனார் குடும்பம் புது மருமகனை எதிர்பார்த்துச் சர்ச்சு வாசலில் நின்றுகொண்டிருந்தது. நானோ மலையடியில், ஒலிபெருக்கியில் யாரோ பாடிய பக்திப் பாட்டைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டேன். காரணம், பாடியவருக்கு ழகரம் சுத்தமாக வந்தது. இந்த ஊரில் அதற்குப் பிறகு அப்படி ஒரு ழகரத்தை நான் அதிகம் கேட்டதில்லை.

என் பெயர் யேசுவடியான். இயேசுவின் அடியான் என்று என் தகப்பனார் அழகாக வைத்த பெயர். ஆங்கில எழுத்தில் அது போய் விழுந்த வீழ்ச்சியை என்ன சொல்ல! குடிநுழைவு அலுவலகத்தில் நிரந்தரமாகத் தங்குவதற்கான என் சிவப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போனால், அங்கே இருக்கும் பெண் திரையைப் பார்த்து, "ஜேசு... வாடியன். கனேடியன் மாதிரியா? வாடியா என்பது எந்த நாடு?" என்று மலாயில் கேட்டாள். கேலியாக இல்லை, உண்மையான அக்கறையோடு. 'தென்னிந்தியாவில் இருக்கிறது' என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இவ்வளவு அடி வாங்கியவன் தன் மகளுக்குப் பெயர் வைக்கும்போது யோசித்திருக்க வேண்டாமா? அருள்மொழி என்று வைத்தேன். பதிவு செய்யும் இடத்தில் ஆங்கில எழுத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் அவள் அருள்மோலி ஆனாள். பாயான் பாருவில் மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனதும் அருள் உதிர்ந்துவிட்டது. இப்போது அவள் எல்லாருக்கும் மோலி. அவளுக்கும் அவள் மோலிதான்.

3

நான் ஏன் ஓர் எழுத்துக்கு இப்படிச் சாகிறேன் என்று கேட்பீர்கள். எனக்கு விசுவாசம் வந்ததே பாட்டினால்தான்.

பத்தொன்பது வயதில் நான் கடவுள் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு சாயங்காலம் நண்பன் வருவதற்காகக் கோவில் சுவர் ஓரமாகச் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றிருந்தேன். உள்ளே பாடகர் குழு கீர்த்தனை பழகிக்கொண்டிருந்தது. ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை பாடும்போது எனக்கு என்ன ஆயிற்றென்று இன்றுவரை தெரியாது. கால் தானாக நடந்து உள்ளே போய், கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு அழகாக ஒன்றைச் சொல்ல முடியுமென்றால் அது பொய்யாக இருக்க முடியாது என்று தோன்றியது. தர்க்கப்படி இது மோசமான வாதம். எனக்கு அப்போதே தெரியும். வெளியே வந்து பார்த்தபோது சைக்கிளைக் காணவில்லை. விசுவாசம் வந்தது, சைக்கிள் போனது. அப்பா முதலாவதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

அதிலிருந்து, கடவுளிடம் பேசப் போகிறவன் சொல்லைத் துடைத்து எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது என் கொள்கை. அந்தி நேரத்தில் இந்த நீரிணைக்குமேல் அவர் பூசும் நிறத்தைப் பாருங்கள். அவ்வளவு சிரத்தை எடுக்கிறவருக்கு நாம் கந்தல் வரிகளையா கொடுப்பது? ஒரே வரியைக் கைதட்டிக்கொண்டு பதினாறு தடவை பாடும் புதுப் பாட்டுகளை நான் சகித்ததில்லை. போதகரிடமே, "கர்த்தருக்குக் காது மந்தமில்லை ஐயா, ஒரு தடவை சொன்னால் போதும்" என்று சொல்லியிருக்கிறேன். அவர் நல்ல மனிதர். "அங்கிள், கர்த்தருக்கு இல்ல, நமக்குத்தான் மந்தம்," என்றார்.

எங்கள் சபையில் இளையவர்கள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் மலாயும் ஆங்கிலமும் படித்தவர்கள். ஆகவே பாட்டுகளை ஆங்கில எழுத்தில் தட்டித் திரையில் காட்டுவோம். அதில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்துதான். மழையும் மலையும் ஒன்று. கிழியும் கிளியும் ஒன்று. தட்டுகிறவள் மோலி. வாரம் முழுவதும் தொழிற்சாலையில் உழைத்துவிட்டு, சனிக்கிழமை உட்கார்ந்து, தனக்குப் பாதி புரியாத சொற்களை, தான் படிக்கமுடியாத எழுத்திலிருந்து யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுத் தட்டுவாள். அவள் எங்கள் தமிழ் ஆராதனைக்கு வந்ததே என்னால்தான். அவள் கணவர் சீனர். பிள்ளைகள் சீனப் பள்ளியில் படிக்கிறார்கள். பாயான் பாருவில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆங்கில ஆராதனை இருக்கிறது.

4

சபையின் ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டு எழுதித் தரும்படி போதகர் கேட்டார். மாதக்கணக்கில் எழுதினேன். செலின் சோறு வடிக்கும் நேரத்தில் எல்லாம் அவளுக்குப் பாடிக் காட்டினேன். தொடக்கம் இப்படி:

நீரே என் வழி,
நீங்காத மொழி,
கடல் கடந்தென்னை அழைத்தீர்.

எளிமை, இயைபு, புலம்பெயர்ந்தவனின் நன்றி, எல்லாம் மூன்று வரிக்குள் வந்துவிட்டதாக எனக்குள் ஒரு கர்வம். மோலிக்கு வாசித்தேன், அவள் தட்டினாள். பாட்டுப் பயிற்சிக்கு நான் போகவில்லை. கேட்டு வியக்க வேண்டும் என்று விழா நாளுக்காகக் காத்திருந்தேன்.

விழா நாளில் சபை நிறைந்திருந்தது. நேரலை வேறு. பாட்டு தொடங்கியது.

நீரே என் வலி,
நீங்காத மோலி,
கடல் கடந்தென்னை அலைத்தீர்.

கண்ணீர் மல்கப் பாடினார்கள். கர்த்தர் எங்களுக்கு வலியாம். கடல் தாண்டி வரவைத்து எங்களை அலைக்கழித்தாராம். குடிநுழைவு அலுவலகத்தில் நான் நின்ற வரிசைகளை நினைத்தால் அந்த மூன்றாவது வரி அப்படியொன்றும் பொய்யில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு நகைச்சுவை உணர்வு இல்லை. எழுந்தேன். கத்தினேன்.

மோலி மடிக்கணினியை மூடினாள். கைப்பையை எடுத்தாள். பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டாள். திரை கறுத்துவிட்டதால் இரண்டாம் சரணம் யாருக்கும் தெரியவில்லை. முதல் சரணத்தையே திரும்பத் திரும்பப் பாடினார்கள். வலி, வலி, வலி.

5

அடுத்த ஞாயிறு மோலி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. தொலைபேசியில் அம்மாவிடம் மட்டும் பேசினாள். திரை இல்லாததால் பாட்டுப் புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த கிழடுகள் ஏழெட்டுப் பேர் மட்டும் பாடினோம். முதல் முறையாக ஒவ்வொரு சொல்லும் பிழையில்லாமல் ஒலித்தது. மற்றவர்கள் சும்மா நின்றார்கள். ஆராதனை ஒரு தேர்வு அறையைப் போலச் சுத்தமாக இருந்தது. நான் ஆசைப்பட்டது இதுதான் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

செலின் நேராகவே சொன்னாள்.

"வலின்னாலும் வழின்னாலும் சாமிக்குப் புரியும்லா. உங்களுக்குத்தான் புரியாது."

"இலக்கணம்னு ஒண்ணு..."

"பிள்ளைய கான்வெண்டுல போட்டது யாரு? தமிழ்ப்பள்ளியில போடுவோம்னு நான் தலையால அடிச்சிக்கிட்டேன். இங்கிலீசு வரணும், முன்னுக்கு வரணும்னு நீங்கதான் குதிச்சீங்க. இப்ப அவளுக்கு ழ வரலன்னு ஊரு முன்னாடி கத்துறீங்க."



சபைக் குழுவும் கூடியது. என் வயதையும் தொண்டையையும் முன்னிட்டுப் பாட்டு விஷயங்களிலிருந்து நான் சிறிது காலம் ஓய்வெடுக்கலாம் என்று அன்போடு கேட்டுக்கொண்டார்கள். என் தொண்டை நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவர்கள் பிரச்சினை.

6

ஒரு செவ்வாய்க்கிழமை ஞானம் வந்தாள். விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறவள். நாலு அடுப்பு வைத்து, பத்து ஆட்களை மிரட்டும் குரல் உள்ளவள். ஒரு வருடத்துக்கு முன் அவள் கணவர் சிறுநீரக நோயில் இறந்துபோனார். நம் ஊர்ச் சமோசாவைப் போன்ற கறிபாப் கை நிறையக் கொண்டுவந்திருந்தாள்.

"அண்ணே, வர்ற சனிக்கிழமை அவருக்கு வருஷம். நினைவு ஆராதனை வச்சிருக்கேன். அந்த வலிப் பாட்டைப் போட்டுருங்க."

"என்ன பாட்டும்மா?"

"நீங்க எழுதுனதுதாண்ணே. நீரே என் வலி."

நான் கறிபாப்பைக் கீழே வைத்துவிட்டு, நாக்கை மடிப்பதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

"தெரியும்ணே. நீங்க கத்துன கத்துல கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த் வரைக்கும் தெரிஞ்சிருச்சி. எனக்கு அந்த வழி வேணாம். இந்த வலிதான் வேணும்."

"அம்மா, அது பிழை."

"இருக்கட்டும்லா." அவள் கறிபாப்பை மறுபடி என் பக்கம் தள்ளிவைத்தாள். "அவரு போனதுலேர்ந்து எல்லாரும் கர்த்தர் பார்த்துக்குவாரு, கர்த்தர் பார்த்துக்குவாருங்கிறாங்க. ஆஸ்பத்திரியிலயும் அவரு பார்த்துக்கிட்டுத்தாண்ணே இருந்தாரு. எனக்குச் சாமி மேல கோபம். ஆனா ஞாயித்துக்கிழமையானா சேலையக் கட்டிக்கிட்டு வந்துர்றேன். இது என்னா பொழைப்பு, இதுக்கு என்னா பேருன்னு தெரியல. அன்னிக்குத் திரையில வந்துச்சி பாருங்க. நீரே என் வலி. அடடா, இதானே, நம்ம அண்ணன் கரெக்டா எழுதியிருக்காருன்னு நினைச்சேன். அப்பதான் நீங்க எந்திரிச்சீங்க."

நான் மேசைமேல் உதிர்ந்திருந்த கறிபாப் துணுக்குகளைக் கூட்டினேன்.

"அலைத்தீர்னு வேற வருது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் என்னா அலை அலைய வச்சாரு!"

நான் எழுதியதிலேயே மிக நல்ல வரி, நான் எழுதாத வரி. அழகு என்று இத்தனை காலம் நான் போற்றியது ஒழுங்கைத்தானோ என்று சந்தேகம் வந்தது. நம் வேதத்தில் பாட்டுக் கட்டியவர்களும் பாதி நேரம் கடவுளிடம் சண்டைதான் போடுகிறார்கள். ஏன் தூங்குகிறீர், ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டீர் என்று கேட்கிறார்கள். அதை யாரும் பிழை என்று எழுந்து கத்தவில்லை. பாட்டாகச் சேர்த்துக்கொண்டார்கள். அன்று கோவில் சுவர் ஓரத்தில் என்னை உள்ளே இழுத்ததும் ஒருவேளை அந்தப் பாட்டின் சுத்தம் அல்ல. அதில் இருந்த ஏதோ ஒரு வலி.

"ஒண்ணுண்ணே," என்றாள் ஞானம் வாசலில் செருப்பு மாட்டும்போது. "திரைக்கு மோலி வரணும். நீங்களே போய்க் கூப்பிடுங்க. செலின் அக்காவை விட்டுக் கூப்பிடாதீங்க."

7

பேருந்து பிடித்துப் பாயான் பாரு போனேன். மருமகன் வெய் லியாங் கதவைத் திறந்தார். "மாமா, சாப்பிட்டாச்சா?" என்றார். அவர் கற்றுக்கொண்ட ஒரே தமிழ் வாக்கியம். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அதைத்தான் சொல்வார். இரண்டிலும் பொருந்தத்தான் செய்கிறது.

மோலி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"என்னா டாடி, போன்கூடப் பண்ணாம?"

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பேருந்தில் வாக்கியத்தைக்கூடச் செதுக்கி வைத்திருந்தேன். வாயிலிருந்து வந்தது வேறு. "ஞானத்துக்கு அந்தப் பாட்டு வேணுமாம். நீ தட்டுனதே வேணுமாம்."

"ஓ. ஸ்லைடு கேட்டு வந்தீங்களா?"

"இல்லம்மா..."

"ழ எனக்கு யாரு டாடி சொல்லித் தரணும்? பக்கத்து வீட்டுச் சீன அண்ட்டி ஆ சூவா?"

அவள் மடித்து வைத்த துணிகளை நான் ஓரமாக அடுக்கினேன். அவள் இன்னும் இரண்டு சட்டைகளை மடித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீங்காத மோலின்னு இருந்திச்சில்ல. அது நான்னு நினைச்சேன்."

"என்னம்மா?"

"நீங்க படிக்கிறப்ப எனக்கு அப்படித்தான் கேட்டிச்சி. விட்டுப் போகாத மோலி. டாடி என்னைப் பாட்டுல போட்டிருக்காரு, ஆனா வாயால சொல்லமாட்டாரு, அவரு ஸ்டைல் அதுன்னு நினைச்சேன். ஆபீசுல எல்லார்கிட்டயும் காட்டினேன். அப்புறம் நீங்க எல்லார் முன்னாலயும் கத்துறீங்க. அப்பதான் தெரிஞ்சிச்சி, அது நான் இல்ல, லேங்குவேஜு."

மொழி என்று பெயர் வைத்தவன் நான். அந்த வரியில் அவள் இருப்பது எனக்குத்தான் தெரியவில்லை. இதைச் சொல்ல எனக்கு எந்தத் தமிழும் வரவில்லை. "சனிக்கிழமை வருவியா?" என்று மட்டும் கேட்டேன்.

"பார்க்குறேன்லா," என்றாள். இந்த ஊரில் அது ஆம் ஆகவும் இருக்கலாம், இல்லை ஆகவும் இருக்கலாம்.

8

சனிக்கிழமை மாலை வந்தாள். கணவரையும் அழைத்து வந்திருந்தாள். என் பக்கம் தலையை லேசாக அசைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

நான் ஒரு முடிவோடு போயிருந்தேன். ஞானத்துக்காகவும் மோலிக்காகவும், பாளையங்கோட்டையில் படித்த இந்த நாக்கை அடக்கி, அவர்கள் பாடியபடியே பாடுவது. திரையைப் பார்த்தால் திருத்தத் தோன்றும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இசை தொடங்கியது. நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, "நீரே என் வலி!" என்று முழங்கினேன்.

என்னைச் சுற்றிச் சபை முழுவதும், "நீரே என் வழி" என்று பாடியது.

வழி! சுத்தமான, மடித்த நாக்கின் ழகரம். கண்ணைத் திறந்தேன். திரையில் ழகரம் வரும் இடத்து ஆங்கில எழுத்தை எல்லாம் சிவப்பு நிறத்தில் போட்டிருந்தாள். நான் போய்க் கூப்பிட்டுவிட்டு வந்த மறுநாளிலிருந்து எல்லாரையும் தன் வீட்டில் கூட்டிவைத்துப் பழக்கியிருக்கிறாள். அவளுக்கே யார் பழக்கியது என்று பிறகுதான் தெரிந்தது: வெய் லியாங். அவர்கள் மொழியில் ழகரத்துக்குப் பக்கத்து வீட்டு ஒலி ஒன்று உண்டாம். யூடியூபில் ஒரு தடவை கேட்டுவிட்டு மிகச் சரியாகச் சொல்லிக் காட்டினாராம். தமிழ் எம்.ஏ. மகளுக்கு ழகரம் சொல்லிக்கொடுத்தவர் சீன மருமகன்.

ஆக, அன்று சபையில் பிழையாகப் பாடியவர்கள் இரண்டே பேர். நானும், திரையை ஏறெடுத்தும் பார்க்காமல், கணவரின் படத்தைப் பார்த்து அடித்தொண்டையில் 'வலி, வலி' என்று பாடிக்கொண்டிருந்த ஞானமும். நான் மாற்றிக்கொள்ளவில்லை. அவளைத் தனியே விட மனம் வரவில்லை. எல்லாரும் வழி என்றார்கள், நாங்கள் இருவரும் வலி என்றோம். இரண்டும் ஒரே மூச்சில் கலந்து கேட்டது. அப்படி ஒரு வரியை எழுத எனக்கு எந்தக் காலத்திலும் வந்திருக்காது.

சாப்பாட்டு மேசையில் மோலி எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். சிரிப்பை அடக்கியதில் அவள் கண் நனைந்திருந்தது.

"டாடி, எவ்வளவு கஷ்டப்பட்டு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன். நீங்க போய் வலிங்கிறீங்க!"

"நீ தட்டுனபடி பாடணும்னு நினைச்சேன்."

"நான் நீங்க எழுதுனபடி தட்டணும்னு நினைச்சேன்."

பிரியாணித் தட்டைப் பார்த்தபடி, "மன்னிச்சிரும்மா," என்றேன்.

"என்னா? கேக்கல."

"மன்னிச்சிரு."

"இன்னும் கேக்கல டாடி. அதுலதான் ழ இல்லையே, சத்தமா சொல்லலாம்லா."

சத்தமாகச் சொன்னேன். மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மோலி என் தட்டில் இன்னொரு துண்டு கறியை எடுத்து வைத்துவிட்டு, "சரி, சாப்பிடுங்க," என்றாள்.